கையெழுத்துப் போட்டு வாங்கவும்

பெங்களூரு
9 ஜூலை 2023

என்னங்க,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை அதற்கு அவசியம் வரவில்லை, ஒரே வீட்டில் இருந்தோம். நான் இங்கே வந்து இருபத்தாறு நாளாகிறது. முதல் வாரம் போன் மணி அடித்தது, நீங்கள் எடுக்கவில்லை. அப்புறம் அதை அணைத்தே வைத்துவிட்டீர்கள்.

உங்கள் ஆட்டோ ஸ்டாண்ட் சிநேகிதர் ஆதிமூலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். "வீட்லதான் இருக்காரும்மா. கதவைத் தட்டினா 'அப்புறம் வா'ன்றாரு. அந்த அப்புறம் எப்பன்னுதான் தெரியல" என்றார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி, இங்கே பி.ஜி. என்கிறார்கள். நாலு மாடி, அறுபத்துநாலு பேர். சமையலுக்கு நான், காய் நறுக்க ஒரு கன்னடக்கார அம்மா. செங்கம் ரோட்டில் நீங்கள் மேனேஜராக இருந்த கெஸ்ட் ஹவுஸில் பன்னிரண்டு அறைக்கு டிபன் செய்தவள் நான். அங்கே உப்பு ஒரு கல் கூடினால் எந்த அறையில் யார் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே போன வாரம் சாம்பாரில் உப்பே போட மறந்துவிட்டேன். அறுபத்துநாலு பேரும் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

சம்பளம் வந்தது. உங்கள் கணக்கில் போட்டிருக்கிறேன். அரிசி வாங்குங்கள்.

கிளம்பும் அன்று நான் பேசியது தப்பு. அதைப் பற்றி எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

மஹ்பூபா


பெங்களூரு
30 ஜூலை 2023

என்னங்க,

போன கடிதம் கதவுக்கு அடியிலேயே கிடக்கிறதாம். அதன் மூலை வெளியே தெரிகிறது என்று ஆதிமூலம் அண்ணன் சொன்னார்.

அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமாம், கவுன்ட்டரில் விசாரித்தேன். தபால்காரர் தட்டுவார். நீங்கள் எழ வேண்டும், சட்டை மாட்ட வேண்டும், தாழ்ப்பாளை எடுக்க வேண்டும்.

உள்ளே பெரிதாக எதுவும் எழுதவில்லை. எழுந்து கதவு வரைக்கும் வந்தீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மஹ்பூபா


திருவண்ணாமலை
12 ஆகஸ்ட் 2023

மஹ்பூ,

வ அலைக்கும் ஸலாம். கையெழுத்துப் போட்டேன். நன்றாக இருக்கிறேன். பணம் வந்தது. கவலைப்படாதே.

சாகில்


பெங்களூரு
20 ஆகஸ்ட் 2023

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். பத்துத் தடவை படித்தும் ரொட்டி திருப்பிப் போடும் நேரம்கூட ஆகவில்லை.

'நன்றாக இருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்ப வேண்டுமா? நான் ஊரில் இருந்தபோதே நீங்கள் மத்தியானம் வரைக்கும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பீர்கள். கெஸ்ட் ஹவுஸ் ஓனர் கட்டடத்தை விற்றுவிட்டுப் போய் ஒரு வருஷம், அதில் எட்டு மாதம் அப்படித்தான் போனது. அதையெல்லாம் பார்த்தவளிடம் இப்படி எழுதினால் எப்படி?

உங்கள் அண்ணன் அயானுக்குப் போன் போட்டு, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். "அவனுக்கு என்ன நோவு? கைகால் நல்லாதானே இருக்குது? வேலைக்குப் போவ சோம்பேறித்தனம்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். இரண்டு மாதம் முன்னால் நானும் அதையேதான் நினைத்தேன்.

இதுவும் பதிவுத் தபால்தான். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு பேசினீர்கள் என்று எழுதுங்கள். நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

மஹ்பூபா


திருவண்ணாமலை
17 செப்டம்பர் 2023

மஹ்பூ,

இதை எழுத ஒன்பது நாள் ஆனது. ஒரு நாளைக்கு இரண்டு வரி. அதனால் கையெழுத்து மாறி மாறி இருக்கும்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். எழுவது பத்து, பதினொன்று. எழுந்து பல் தேய்ப்பது பெரிய வேலை. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், பேஸ்ட் வைக்கத் தோன்றாது. சில நாள் அப்படியே திரும்பி வந்து படுத்துவிடுவேன். சாப்பாடு பிரெட். யாரோடு பேசினேன் என்று கேட்டிருக்கிறாய். தபால்காரர் குமரேசனோடு. "பாய், கையெழுத்து வாங்க வந்தா ஆள் பாதியா இருக்கீங்களே" என்று கேட்டார். அதற்குப் பிறகு தபால் இல்லாத நாளிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார். இந்த உறையும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

அண்ணன் மேல் கோபப்படாதே. யாரும் என்னை விட்டுப் போகவில்லை, நான்தான் விட்டேன். வேலை போன முதல் மாதம் ஆட்டோ ஸ்டாண்டில் யாராவது டீ சொன்னால் குடித்தேன். அடுத்த மாதம், அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே "இப்பதான் குடிச்சேன்" என்றேன். திருப்பி ஒரு டீ வாங்கித் தர முடியாதவன் எத்தனை நாள் பெஞ்சில் உட்காருவது? அதற்கடுத்த மாதம் அந்தத் தெருவிலேயே நடக்கவில்லை. அண்ணன் மகள் நிக்காஹ்வுக்கும் இதனால்தான் போகவில்லை. வெறுங்கையோடு போய் நிற்க முடியவில்லை. காய்ச்சல் என்று உன்னைச் சொல்லச் சொன்னேன். அண்ணனுக்கு அது இன்னும் மனதில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பும் பணம் வந்து சேரும் நாள்தான் எனக்கு மாதத்திலேயே ஜாஸ்தி கஷ்டமான நாள். அனுப்பாதே என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

நீ கிளம்பிய அன்று நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். தூங்கவில்லை. 'போகாதே' என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

சாகில்


பெங்களூரு
8 அக்டோபர் 2023

என்னங்க,

'படுத்தே கிடக்கிறதுக்கு ஒரு புருஷன் எதுக்கு?' அன்றைக்கு வாசலில் பையோடு நின்று நான் சொன்னது இதுதான். நீங்கள் உங்கள் கடிதத்தில் அதை எழுதவே இல்லை. எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என்னை மன்னித்துவிடுங்கள். அன்றைக்கு எனக்குப் பயம். பயத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியவில்லை.

மூன்றாவது மாடியில் எழிலரசி என்று ஒரு பெண் இருக்கிறாள். போன வாரம் கிச்சனுக்கு வந்து, "ஆன்ட்டி, நீங்க ஜாஸ்தி கம்மின்னு பேசறீங்க, எந்த ஊரு?" என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குக் கீழ்பென்னாத்தூர். அவள் அப்பா மல்லாட்டை பயிர் போடுகிறவர். வேர்க்கடலை என்று சொல்லாமல் நம்மைப் போலவே மல்லாட்டை என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பெயரையும் கேட்டாள். இந்தக் கட்டடத்தில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

அவள் தினமும் ஒரு மாத்திரை போடுகிறாள். எதற்கென்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் ஒரு வருஷம் அறையிலேயே கிடந்தாளாம். குளிக்க மாட்டாளாம், பிரெண்ட்ஸ் போன் எடுக்க மாட்டாளாம். "எங்கப்பாவும் திமிருன்னுதான் நினைச்சாரு. அது நோவுன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கே புரிஞ்சுது" என்றாள். உங்கள் கதையை நான் சொல்லாமலே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நம் ஊர் பெரியாஸ்பத்திரியிலேயே இதற்கு டாக்டர் இருக்கிறார்களாம். காசு வாங்க மாட்டார்கள். ஆதிமூலம் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்து கதவைத் தட்டுவார். 'அப்புறம்' என்று சொல்லாதீர்கள்.

பணம் அனுப்பாமல் இருக்க என்னால் முடியாது. அது வரும் நாளில் நான் வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மஹ்பூபா


திருவண்ணாமலை
29 நவம்பர் 2023

மஹ்பூ,

ஆதிமூலம் வந்த முதல் செவ்வாய் நான் திறக்கவில்லை. அடுத்த செவ்வாயும் இல்லை. மூன்றாவது செவ்வாய் அவன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். "சவாரியெல்லாம் போவுது, பரவால்ல, நான் இங்கியே இருக்கேன்" என்றான். அவன் பிழைப்பு கெடுகிறதே என்றுதான் சட்டையை மாட்டினேன்.

டாக்டர் சின்னப் பெண், அபிநயா என்று பெயர். நான் வேலை போனது, தூக்கம், பசி எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டாள். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டாள். யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "எல்லாம் முடிஞ்சா தேவலன்னு தோணும், நானா எதுவும் செய்யணும்னு இல்ல" என்றேன். அப்படித் தோன்றினால் எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டும் என்று ஆதிமூலத்தையும் உட்கார வைத்துச் சொன்னாள். அதன்பிறகு, "கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். ஆதிமூலம் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. வாய் உலர்ந்தது, அவ்வளவுதான். நாலாவது வாரம் ஒரு நாள், பல் தேய்த்து முடித்த பிறகுதான் பல் தேய்த்தேன் என்பதே தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தீபம். ஊரில் கால் வைக்க இடமில்லை. ஆதிமூலம் என்னைச் செங்கம் ரோடு முனையில் இறக்கிவிட்டு, "ரூம் கேட்டு வர்றவங்களுக்கு வழி சொல்லு பாய், உன்ன விட்டா யாருக்குத் தெரியும்" என்று போய்விட்டான். சும்மா ஒரு மணி நேரம் நிற்கலாம் என்று நின்றேன். ஆந்திராக்காரர்கள் வந்தார்கள், தெலுங்கில் சொன்னேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பெட்டியோடு தவித்தார், அவருக்கு எந்தச் சந்தில் காலி அறை இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றி ஜனங்கள் குரல் எழுப்பியபோதும் நான் அங்கேயேதான் இருந்தேன். ஒரு வருஷமாகப் பேசாத பேச்சை அன்றைக்கு ஒரே நாளில் பேசினேன். தொண்டை கட்டிவிட்டது.

அந்தச் சந்தில் நாலு அறை வைத்திருக்கும் ராஜம்மாள் அம்மா மறுநாள் ஆள் அனுப்பினார்கள். சாயங்காலம் மட்டும் வந்து வரவேற்பில் உட்கார முடியுமா என்று. பாதி நாள் வேலை, பாதிச் சம்பளமும் இல்லை. சரி என்றேன்.

உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. முன்பெல்லாம் எதுவுமே வேண்டும் போல் இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

சாகில்


பெங்களூரு
24 டிசம்பர் 2023

என்னங்க,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. இன்னொரு கட்டடத்துக்கும் சேர்த்துச் சமைக்கிறேன், சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். எழிலரசி வேறு கம்பெனி மாறிப் போய்விட்டாள். குளிர் ஜாஸ்தி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஹ்பூபா


திருவண்ணாமலை
31 டிசம்பர் 2023

மஹ்பூ,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது. அந்த முதல் பதிவுத் தபாலைத் தவிர, நீ பின்பக்கத்தைக் காலியாக விட்டு நான் பார்த்ததில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்ன சமைத்தாய் என்று இல்லை. என்ன சாப்பிட்டேன் என்று கேட்கவில்லை. ராஜம்மாள் அம்மா வேலையைப் பற்றி நீ நூறு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் நான் உனக்கு எழுதின கடிதம் இதுதான் மஹ்பூ. எழுதினவனுக்குத் தெரியாதா?

என் போனை எடுத்து சார்ஜ் போட்டேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அடித்தேன். நீ எடுக்கவில்லை.

நீ அங்கே சம்பாதிக்கிறாய், அதனால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நினைத்திருந்தேன். இரண்டு கட்டடத்துக்குச் சமைக்கிறவளுக்கு யார் ஒரு தட்டுப் போட்டுத் தருகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

வரும் ஞாயிறு ஏழாம் தேதி வருகிறேன். பஸ் ஏறி ஒன்றரை வருஷம் ஆகிறது, பயமாகத்தான் இருக்கிறது. இருந்தும் வருகிறேன். கேட்டில் நிற்பேன்.

சாகில்


பெங்களூரு
10 ஜனவரி 2024

என்னங்க,

நீங்கள் பஸ் ஏறிப் போய் மூன்று நாள் ஆகிறது. இன்றைக்குத்தான் பேனா எடுக்க முடிந்தது.

வாட்ச்மேன் வந்து, "ஆன்ட்டி, ஊர்லருந்து யாரோ வந்திருக்காங்க" என்றபோது நான் எழுந்திருக்கவில்லை. உங்கள் கடிதத்தை அதுவரை நான் பிரிக்கவே இல்லை, தப்பான ஆளைத் தேடி வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்புறம் உங்கள் குரல் கேட்டது. கேட்டுக்கு வெளியே மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இளைத்துப் போயிருந்தீர்கள். ஆனால் சவரம் செய்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் சலாம்கூடச் சொல்லாமல், "பல் தேய்ச்சியா?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நீங்கள் என்னை அடித்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

பார்க்கில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டையை நீங்கள் உரித்து உரித்துக் கொடுத்தீர்கள். நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இத்தனை மாதத்தில் பிறர் கையால் நான் சாப்பிட்டது அதுதான். அன்றைக்கு உங்களிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். டிசம்பரில் ஒரு நாள் அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடிப்பிடித்து, புகை வந்து, கன்னடக்கார அம்மா ஓடி வந்து அடுப்பை அணைத்தார்கள். "ஏனாய்து?" என்று கேட்டார்கள். என்ன ஆச்சு என்று எனக்கே தெரியவில்லை. கையில் காசு இருந்தது, உடம்பில் வியாதி இல்லை. பேச ஆள் இல்லை என்றா சொல்வது?

"வந்துடு மஹ்பூ" என்றீர்கள். நான் தலையாட்டவில்லை. கோபமில்லை. வந்தால் இந்தச் சம்பளம் போய்விடும். சம்பளம் இல்லாத வீட்டில் என்ன ஆகும் என்று நாம் இரண்டு பேரும் பார்த்துவிட்டோம். நீங்கள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டால்?

நீங்கள் ஏறின பஸ் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பின பிறகும்.

மஹ்பூபா


திருவண்ணாமலை
28 ஜனவரி 2024

மஹ்பூ,

உன் கேள்வியை டாக்டர் அபிநயாவிடம் அப்படியே கேட்டேன். மறுபடியும் வருமா என்று. "வரலாம். வந்தா சீக்கிரம் கண்டுபிடிச்சிடுவீங்க. இப்ப உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும்" என்றாள். நான் முழுசாகச் சரியாகிவிட்டேன் என்று உனக்கு எழுத மாட்டேன். மாத்திரை இன்னும் பல மாதம் போட வேண்டும். நீ வந்தால் உன்னையும் கூட்டி வரச் சொன்னாள்.

வேலை விஷயம். ராஜம்மாள் அம்மாவின் தங்கை மணிமொழி, செங்கம் ரோட்டில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். காலை டிபனுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஆள் தேடுகிறார். உன் கைப்பக்குவம் அவருக்குத் தெரியும், முன்பு நம் கெஸ்ட் ஹவுஸில் சாப்பிட்டிருக்கிறாராம். என் சம்பளமும் அந்தச் சம்பளமும் சேர்ந்தாலும் நீ அங்கே வாங்குவதற்கு ஈடாகாது. பொய் சொல்ல மாட்டேன். கறி எடுப்பதைக் குறைக்க வேண்டியிருக்கும். மாதக் கடைசி இழுபறிதான்.

போன வெள்ளி தொழுகை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடுதான் போனேன். நிக்காஹ்வுக்கு ஏன் வரவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அண்ணன், "காசுக்காகவாடா என் பொண்ணு கல்யாணத்துக்கு வரல?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று கிளம்பப் பார்த்தேன். அண்ணி வந்து, "உக்காருங்க, முகம் கழுவிட்டு வருவாரு" என்றார்கள். சேர்ந்து சாப்பிட்டோம்.

ஆட்டோ ஸ்டாண்டில் உட்காருகிறேன். டீ யார் சொன்னாலும் குடிக்கிறேன்.

எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் இப்போது யார் கதவைத் தட்டினாலும் ஓடிப்போய்த் திறக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது நீ இல்லை.

சாகில்


பெங்களூரு
18 பிப்ரவரி 2024

என்னங்க,

விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டேன். இன்னும் கூட்டித் தருகிறேன் என்றார். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது, அதை உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? "ஊருக்குப் போறேன் சார்" என்றேன். "இவ்ளோ சம்பளம் அங்க யார் தருவாங்க?" என்றார். யாரும் தரமாட்டார்கள் என்றேன். கன்னடக்கார அம்மா இந்த வாரம் முழுக்க என்னை அடுப்புப் பக்கம் விடாமல், எனக்கு முதலில் தட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்தார்கள். அவர்கள் பெயர் ஜெயம்மா. எட்டு மாதம் கழித்துத்தான் கேட்டேன். நானும் கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ரமலானுக்கு முன்னால் வந்துவிடுகிறேன். மார்ச் மூன்று, ஞாயிறு, காலை ஏழு மணி பஸ். செங்கம் ரோட்டிலேயே இறங்கிவிடுகிறேன், அங்கே வந்து நில்லுங்கள், மணிமொழி அம்மா கடையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு இரண்டு பயம் இருக்கிறது. மாதக் கடைசியை நினைத்தால் ஒன்று. காலையில் கண் விழித்து, நீங்களோ நானோ எழுந்திருக்காமல் கிடந்தால் என்ன செய்வது என்பது இன்னொன்று. இரண்டையும் பையில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன், வேறு எங்கே வைப்பது?

ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து கடைத்தெருவில் நீங்கள் நாலடி முன்னால் போவீர்கள், நான் பின்னால் வருவேன். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை, எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். அன்றைக்கு மட்டும் முன்னால் போய்விடாதீர்கள். வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை. மெதுவாக, பக்கத்திலேயே நடங்கள்.

மஹ்பூபா